பதினேழாவது சனல்

பாடகரின் காதுக்குள் என்ன விழவேண்டும் என்பது
என் கையில் இருக்கிறது.
மேடையின் இடது ஓரம், கறுப்புத் தார்ப்பாய்க்குள்
ஒரு பிளாஸ்டிக் கதிரை, முப்பத்திரண்டு சனல், நாட்கூலி.

பதினேழும் பதினெட்டும் சனத்துக்கு.
காதை அடைத்துக்கொண்டு பாடுகிறவருக்கு
ஊர் தன்னை விரும்புவதும் கேட்கவேண்டுமே,
அதற்காக இரண்டு மைக்.
பதினேழு, வாசல் பக்கம் பார்த்து நிற்கும்.

மத்தியானம் ஒலிச்சோதனை.
சென்னையிலிருந்து காலை விமானத்தில் வந்தவர்
வயர் ஒட்டிக்கொண்டிருந்த நசாருக்கும் கைகொடுத்தார்.
"உங்க ஊர் சாப்பாடு ரொம்ப நல்லா இருக்கு தம்பி."
நல்ல மனிதர்.
வரவேண்டாம் என்று அவருக்கு ஒரு கடிதம் போனது,
பாரிசிலும் டொரொன்டோவிலும் கையெழுத்து வாங்கி.
எனக்கும் அனுப்பினார்கள். நான் வைக்கவில்லை.
அந்த மாதம் வாடகை பிந்தியிருந்தது.
பிறகு, எங்கள் கொட்டாஞ்சேனை லேனில்
ஆறு மாதம் உண்டியல் நிரப்பி டிக்கட் வாங்கிய
பிள்ளைகளும் பொய்யில்லை.
என் மகளும் அதில் ஒருத்தி.

நாலரைக்கு, வெறும் கதிரைகள் மட்டும் இருந்த அரங்கில்
பதினேழின் பச்சை விளக்கு ஏறி இறங்கியது.
ஹெட்போனை இறுக்கினேன்.
பொலிஸ் கம்பிக்கு அப்பால்,
வவுனியா பஸ்ஸில் விடிய வந்திறங்கிய பெண்கள்.
ஒரு குரல் மட்டும் கிட்ட வந்தது:
ரூபகாந்தா.
அந்தக் கடைசி ஆ முடிய மறுத்தது.
மூச்செடுத்து மறுபடி, அதே சுருதி.
நாலரைக் கட்டை.
தொழில் புத்தி, அளந்துவிட்டது.

நிலங்க ஓடிவந்தான், வாயில் பாதி றோல்ஸ்.
"பதினேழை மூடு மச்சான்."
எண்பத்தொன்பதில் கொண்டுபோன மாமா ஒருவர்
அவனுக்கும் உண்டு, மாத்தறையில்.
ஒருநாள் குடித்துவிட்டுச் சொன்னான்.
மறுநாள், நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்றான்.

மூடினேன்.
பிளேன்டீ குடிக்கப் போன சாக்கில் கம்பியடிக்குப் போனேன்.
புவனலோஜினி என்று அவர் பெயர்.
மகனை ஓமந்தையில் தன் கையாலேயே ஒப்படைத்தாராம்.
திகதி சொன்னார்.
நீலக் கோடுபோட்ட சேட் என்றார்.
உள்ளே போய்ச் சொல்லுங்கோ என்று
அவர் கேட்கவேயில்லை.

இரவு. மூன்றாம் பாட்டு முடிந்து
விளக்குகள் அணைந்த எட்டுச் செக்கனில்
என் விரல் பதினேழைத் திறந்தது.
துணிச்சல் என்று எழுதமாட்டேன்.
மயிரளவு ஏற்றினேன்.
பிறகு இன்னொரு மயிரளவு.

அவர் நின்றார்.
காதில் கைவைத்தார். என் பக்கம் திரும்பி,
யார் என்று புருவத்தால் கேட்டார்.

ஒரு பொத்தான் இருக்கிறது.
அழுத்தினால் அவர் காதுக்குள் நான் மட்டும் பேசலாம்.
அந்த அரங்கிலேயே எனக்கு மட்டும் தந்த வசதி.
அழுத்தினேன்.
ஓமந்தை, திகதி, நீலக் கோடு
எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தன.

"சனம், சேர்" என்றேன்.

சிரித்தார். மைக்கை உயர்த்தினார்.
"கொழும்பு! நீங்க கூப்பிடுறது
எனக்குக் கேக்குது!"
அரங்கு எழும்பிக் கத்தியது.
பதினேழில் சிவப்பு.
அதற்குள் எது யாருடைய குரலென்று
இனி என்னாலும் பிரிக்க முடியாது.

கூலியை உறையில் தந்தார்கள், சொன்னதைவிட ஐந்நூறு கூட.

இப்போது பின்னிரவு.
நேரலைப் பதிவு நாளை சென்னைக்குப் போகவேண்டும்.
பதினேழைத் துடைத்துவிடு,
பதினெட்டையே இரண்டாக்கிப் போடு, ஒருவருக்கும் தெரியாது
என்று நிலங்கவின் செய்தி.
மூடியிருந்தாலும் சனல் பதிவாகும் என்பது
அவனுக்குத் தெரியும். அதனால்தான்.
பாயில் மகள், தூக்கத்திலும் அவர் பாட்டை முணுமுணுக்கிறாள்.
நாலரை மணித் துண்டை மட்டும் வெட்டி எடுத்தேன்.
பதினொரு நிமிடம்.
சேமிக்கப் பெயர் கேட்கிறது கணினி.

தட்டுகிறேன்:
ரூ